ஒரு கை தந்தையின் கையில்

ஏசுநாதர் கலிலேயாவில் ஆற்றிய மலைப்பிரசங்கத்தில் ஒரு பகுதி உண்டு. எதை உண்போம், எதை உடுத்துவோம், நாளை என்ன ஆகும் என்று கவலை கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். விதைக்காமலும் அறுக்காமலும் வாழும் பறவைகளையும், நூற்காமலே அழகு பெறும் காட்டு மலர்களையும் அவர் அங்கே சான்றாகக் காட்டுகிறார். மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அத்தியாயத்தில் இது வருகிறது.

துறவிகளாகிய எங்களுக்கு இப்பகுதி மிகவும் பிடிக்கும். அதில் வியப்பொன்றுமில்லை. பள்ளிக் கட்டணம் கட்டும் கடைசி நாள் எங்களுக்கு இல்லை. நள்ளிரவில் எழுந்து கொதிக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் வேலையும் இல்லை. ஆனால் அந்த உபதேசம் துறவிகளுக்கென்று தனியே சொல்லப்பட்டதன்று. கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் குடும்பஸ்தர்களே மிகுதியாக இருந்திருக்க வேண்டும். ஏனெனில் சற்றுப் பின்னால், பசித்துக் கேட்கும் பிள்ளையின் கையில் எந்தத் தகப்பனும் கல்லை எடுத்து வைப்பதில்லை என்ற பொருளில் அவர் பேசுகிறார். பெற்றவர்களை முன்னே வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் சொல்லப்பட்டது.

அப்படியானால் ஒரு கிறிஸ்தவத் தாய் இந்தச் சொற்களை என்ன செய்வாள்? எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் நாளைய உணவுக்கு யார் மாவு அரைப்பது? பின்பற்ற முடியாவிட்டாலோ, முன்னிருந்த கவலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: ‘நான் கவலைப்படுகிறேனே, எனக்கு விசுவாசம் குறைவோ?’ இந்த இரண்டாவது கவலை பக்தியுள்ளவர்களையே அதிகம் வாட்டுகிறது. மகனின் தேர்வு முடிவுக்காக இரவெல்லாம் விழித்திருந்த தாய், காலையில் ஆலயத்துக்குச் சென்று, விழித்திருந்ததற்காகவும் மன்னிப்புக் கேட்கிறாள்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நாம் இன்று துயரம் என்ற பொருளில் வழங்கும் ‘கவலை’, பழந்தமிழில் வழிகள் பலவாகப் பிரியும் இடத்தையும் குறித்தது. காட்டில் செல்பவன் அந்த இடத்தில் வந்து நிற்கிறான். இப்படிப் போனால் புலி, அப்படிப் போனால் ஆறு. இரண்டு வழியையும் மனத்தால் நடந்து பார்க்கிறான், கால் மட்டும் நகர்வதில்லை. கவலையின் இயல்பை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? மனம் நூறு வழிகளில் ஓடிக் களைக்கிறது. உடல் கட்டிலிலேயே கிடக்கிறது. நற்செய்தி விலக்குவது இந்தக் கவலையை. பிள்ளையின் மீதுள்ள அக்கறையை அது விலக்கவில்லை.

இந்த வேறுபாட்டை மிகுந்த நிதானத்தோடு ஆராய்ந்தவர் 13-ஆம் நூற்றாண்டின் தத்துவ ஞானி புனித தாமஸ் அக்வினாஸ். தமது ‘சும்மா தியாலஜிக்கா’வில், உலகப் பொருள்களைப் பற்றி அக்கறை கொள்வது முறையா, எதிர்காலத்தைப் பற்றி அக்கறை கொள்வது முறையா என்று தனித்தனியே கேள்வி எழுப்பி விடை காண்கிறார். அக்கறையே தவறு என்று அவர் சொல்வதில்லை. உலகப் பொருளையே வாழ்வின் இலட்சியமாக்குவது தவறு. அளவுக்கு மீறி உழல்வது தவறு. தன் கடமையைச் செய்தால் தேவையானது கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சுவது தவறு. எதிர்காலத்தைப் பற்றி அவர் தரும் உதாரணம் ஓர் உழவனுக்கே புரியும். கோடையில் கதிர் அறுப்பைப் பற்றி நினைக்க வேண்டும், இலையுதிர் காலத்தில் திராட்சை பறிப்பைப் பற்றி நினைக்க வேண்டும். கோடையிலேயே திராட்சையைப் பற்றிக் கவலைப்படுபவன் வேறொரு காலத்தின் சுமையை வீணே முன்கூட்டித் தூக்குகிறான். ஒவ்வொரு அக்கறைக்கும் அதற்குரிய பருவம் உண்டு. மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் திருமணத்தைப் பற்றிக் கலங்குபவர்கள் இந்த வரியில் சற்று நிற்கலாம்.

தத்துவம் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வாழ்க்கையோ இவ்வளவு தெளிவாக வருவதில்லை. ஆகவே ஒரு வீட்டுக்குள் சென்று பார்ப்போம்.

‘சிறுமலர்’ என்று நம் நாட்டிலும் போற்றப்படுபவர் லிஸ்யூ நகரின் புனித தெரேஸா. அவர் பெயரில் எத்தனையோ ஆலயங்களும் பள்ளிகளும் இங்கு உள்ளன. கல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டாற்றிய அன்னை தெரேசா தம் துறவுப் பெயரை இவரிடமிருந்தே ஏற்றார். அந்தச் சிறுமலரின் பெற்றோரான லூயி மார்ட்டினையும் ஸெலி மார்ட்டினையும் போப் பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18 அன்று புனிதர்களாக அறிவித்தார். கணவனும் மனைவியும் சேர்ந்தே அவ்வாறு அறிவிக்கப்பட்டது கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

இருவருமே இளமையில் துறவு பூண விரும்பி, ஏற்கப்படாமல் திரும்பியவர்கள். 1858 ஜூலையில் பிரான்ஸின் அலான்ஸோன் நகரில் மணம் புரிந்தார்கள். லூயி கடிகாரம் செய்பவர். ஸெலி, அந்நகருக்குப் பெயர் தந்த ஊசிப் பின்னல் லேஸ் தொழிலைச் சொந்தமாக நடத்தியவர். அந்த லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டர் பின்னவே ஏழு மணி நேரம் ஆகும் என்று யுனெஸ்கோ குறித்திருக்கிறது. பல பெண்கள் தத்தம் வீடுகளில் பின்னித் தரும் துண்டுகளைத் தையல் தெரியாதபடி இணைப்பது ஸெலியின் வேலை. வாடிக்கையாளர் கேட்ட தேதிக்குள் முடிக்க வேண்டும், கண் வலிக்கும், வேலை வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை. இவற்றையெல்லாம் அவர் தம் சகோதரனுக்கும், சகோதரன் மனைவிக்கும், விடுதியில் படித்த மகள்களுக்கும் கடிதங்களாக எழுதினார். 200-க்கும் மேற்பட்ட அக்கடிதங்கள் இன்றும் உள்ளன. புனிதரின் கடிதங்கள் என்று எண்ணிப் படிக்கத் தொடங்குபவர்கள் ஏமாந்து போகக்கூடும். பல் முளைப்பதும், பணிப்பெண்ணுக்குக் காய்ச்சல் வருவதும், துணி வாங்குவதுமாகவே பக்கங்கள் நகர்கின்றன. இறைவனின் பெயர் இவற்றுக்கு நடுவே, தனியிடம் கேட்காமல் வந்து போகிறது.

அவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தன. 1867 முதல் 1870 வரையிலான நான்கு ஆண்டுகளில் நான்கு குழந்தைகள் இறந்தன. இரண்டு ஆண் குழந்தைகள் முதல் பிறந்த நாளைக்கூடக் காணவில்லை. ஹெலேன் ஐந்து வயதில் போனாள். 1870-இல் பிறந்த மெலானி தெரேஸாவைப் பாலூட்டி வளர்க்க ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார்கள். அவள் சரியாகப் பாலூட்டாமல் குழந்தையைப் பட்டினி போட்டது மிகத் தாமதமாகவே தெரிந்தது. பிறந்த இரண்டே மாதத்தில் அக்குழந்தை இறந்தது. இப்படி இறப்பதற்கு இக்குழந்தைகளைப் பெறாமலே இருந்திருக்கலாம் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பேச்சை அந்தத் தாயால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் என்றென்றைக்குமாக இழக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதே அவரது உறுதி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1873 மார்ச் மாதத்துக்கு வாருங்கள். சிறுமலர் தெரேஸா பிறந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. குடல் நோயால் குழந்தை துவண்டு கிடந்தது. தாய்ப்பாலன்றி வேறெதுவும் இவளைக் காப்பாற்றாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஸெலியால் பாலூட்ட முடியாத நிலை. லூயி அன்றிரவு ஊரில் இல்லை. சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் ஸெமாலே என்ற கிராமத்தில் ரோஸ் தாயே என்ற உழவர் குடும்பப் பெண் இருந்தாள். இறந்த ஆண் குழந்தைகளுக்குப் பாலூட்டிய, நம்பிக்கைக்குரிய பெண். இரவு முழுதும் விடியலுக்காகக் காத்திருந்து, முதல் வெளிச்சத்தில் ஸெலி தனியே நடந்து புறப்பட்டார். வழியில் எதிர்ப்பட்ட இரண்டு ஆண்களைக் கண்டு சற்று அச்சம் எழுந்தது. கொன்றாலும் கொல்லட்டும் என்று எண்ணும் அளவுக்கு உள்ளம் அப்போது மரத்திருந்ததாக அவரே எழுதுகிறார்.

ரோஸுக்கும் கைக்குழந்தை இருந்தது. ஆயினும் அவள் உடன் வந்தாள். குழந்தையைப் பார்த்ததும், வீணாக வந்தோம் என்பதுபோல் தலையை அசைத்தாள். ஸெலி மாடிக்குச் சென்றார். புனித சூசையப்பரின் சிலைமுன் மண்டியிட்டு, குழந்தை பிழைக்க வேண்டும் என்று கேட்டார். இறைவன் எடுத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் உடன்படுவதாகச் சொன்னார். கண்ணீர் நிற்கவில்லை. இறங்கி வந்தபோது குழந்தை ஆவலோடு பால் குடித்துக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் குடித்ததைக் கக்கி, மூச்சற்றதுபோல் மடியில் சாய்ந்தது. சுற்றி நின்றவர்கள் இறந்துவிட்டதாகவே எண்ணினார்கள். வேதனையின்றிப் போனாளே என்று தாய் இறைவனுக்கு நன்றியும் கூறிவிட்டார். கால் மணி நேரம் கழித்துக் குழந்தை கண் விழித்துச் சிரித்தது. பிறகு ஓராண்டுக்கு மேலாக ஸெமாலேயில் ரோஸின் வீட்டில் அது வளர்ந்தது.

அன்பர்களே, இந்நிகழ்ச்சியில் இறைநம்பிக்கை எங்கே இருக்கிறது? மாடியில் மண்டியிட்ட கணத்தில் என்று உடனே சொல்லத் தோன்றும். 8 கிலோமீட்டர் நடையிலும் அது இருக்கிறது என்பேன். மூன்றாண்டுக்கு முன் அறியாத ஒருத்தியிடம் குழந்தையை விட்டு இழந்தவர், இம்முறை தெரிந்த பெண்ணைத் தேடிப் போனாரே, அந்த விவேகத்திலும் இருக்கிறது. தம்மால் ஆனது எதுவும் மிச்சமில்லாதபோது அவர் மாடியேறினார். குழந்தை கீழே இன்னொருத்தியின் மடியில் இருந்தது. அருகிலேயே நின்று உற்றுப் பார்ப்பதால் பால் இறங்கப் போவதில்லை.

புனித பிரான்சிஸ் டி சேல்ஸ் என்ற ஞானி 1609-இல் வெளியிட்ட ‘பக்தி வாழ்வுக்கு ஓர் அறிமுகம்’ என்ற நூலில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. இல்லறத்தாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. தந்தையோடு நடந்து செல்லும் சிறு குழந்தை ஒரு கையால் அவர் கையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் வேலியோரத்துப் பழங்களைப் பறிக்கிறது. உலகக் காரியங்களை அப்படிச் செய்யுங்கள் என்கிறார். அவ்வப்போது முகத்தைத் திருப்பி, தந்தைக்கு இது பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள் என்கிறார். இரண்டு கைகளாலும் பழம் பறிக்கப் போகும் குழந்தை தந்தையை விட்டுவிடுகிறது. விழுந்த பிறகுதான் அது தெரிகிறது. இதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டு கைகளாலும் தந்தையின் கையைப் பிடித்துத் தொங்கும் குழந்தையும் ஒன்று உண்டு. ‘எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் ஆசிரியரை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பார்க்காத தகப்பன் அந்த வகை. அவனது சோம்பல் சரணாகதியின் உடையை உடுத்தியிருக்கிறது.

நடந்து போய் ஒருவரை அழைத்து வரக்கூடிய இடர்கள் உண்டு. எங்கே நடப்பது என்றே தெரியாத இடர்களும் உண்டு. ஸெலியின் வாழ்வில் இரண்டாவது வகை, மூன்றாம் மகள் லியோனியின் உருவில் வந்தது.

1863-இல் பிறந்த லியோனி நோஞ்சான் குழந்தை. படிப்பு ஏறவில்லை. பிடிவாதம், திடீர்க் கோபம், சொல் கேளாமை. ஸெலியின் அக்காள் லெ மான் நகரில் விஸிட்டேஷன் சபையில் துறவியாக இருந்தார். அந்த மடத்துப் பள்ளியில் லியோனியைச் சேர்த்துப் பார்த்தார்கள். வைத்துக்கொள்ள இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள். மற்றப் பெண்கள் மலர்போல் வளர, இவள் மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி கடிதத்துக்குக் கடிதம் தொடர்கிறது. கனிவும் பயன்படவில்லை, கண்டிப்பும் பயன்படவில்லை. 1876 இறுதியில் ஸெலியின் மார்பகக் கட்டி புற்றுநோய் என்று உறுதியானது, காலம் கடந்துவிட்டிருந்தது. தமக்குப் பின் இந்தப் பெண்ணை யார் பொறுத்துக்கொள்வார்கள் என்பதே அத்தாயின் பெருந்துயரம். இறக்கும் நிலையில் இருந்த துறவி அக்காளிடம், சொர்க்கம் சேர்ந்ததும் லியோனியை மாற்றும்படி இறைவனிடம் கேள் என்று செய்தியே சொல்லி அனுப்பினார். 1877 பிப்ரவரியில் அக்காள் மறைந்தார்.

சில வாரங்களில் விடை வந்தது. அது வந்த விதம்தான் சிந்திக்கத் தக்கது. மூத்த மகள் மரீ ஓர் உண்மையைக் கண்டுபிடித்தாள். வீட்டில் பல ஆண்டுகளாக வேலை செய்த பணிப்பெண், தனக்கு மட்டுமே கீழ்ப்படிய வேண்டும் என்று லியோனியை மிரட்டி, அடக்கி, அச்சத்திலேயே வைத்திருந்தாள். அந்தக் குழந்தையின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் இவ்வளவு காலமும் இருந்தது அது. அதே கூரையின் கீழ் வாழ்ந்த தாய்க்குத் தெரியவில்லை. நாள் முழுதும் லேஸ் துண்டுகளின்மேல் குனிந்திருந்தவர் அவர். பிரார்த்தனைக்கு விடை என்றால் வானத்திலிருந்து ஆறுதல் இறங்கும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கே இறங்கியது கசப்பான செய்தி. தாயின் கவனத்தையே குறை சொல்லும் செய்தி. அதைத் தட்டிக் கழிக்காமல் ஏற்றுக்கொள்ளும் பணிவு ஸெலிக்கு இருந்தது. அந்தப் பணிப்பெண்ணை உடனே வெளியேற்ற நினைத்தார். அவள் அழுது மன்றாடியதால், லியோனியிடம் பேசவே கூடாது என்ற கட்டளையோடு தற்காலிகமாக இருக்க விட்டார். மகளைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். பதின்மூன்று வயதுப் பெண் முதன்முறையாகத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விலக மறுத்தாள்.

வாழ வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் ஸெலிக்கு வலுவாக எழுந்தது. இந்தப் பெண்ணுக்கு நான் தேவை என்று எழுதினார். ஜூன் மாதத்தில் மூன்று மூத்த பெண்களை அழைத்துக்கொண்டு லூர்து நகருக்கு யாத்திரை சென்றார். நெடிய ரயில் பயணம், தாங்க முடியாத வலி, வழியெங்கும் சிறு சிறு தொல்லைகள். ஊற்று நீரில் மூழ்கி எழுந்தார். நோய் குணமாகவில்லை. 1877 ஆகஸ்ட் 28 அன்று, தமது 45-ஆம் வயதில் இறந்தார்.

இவ்விடத்தை விரைந்து கடந்து, பின்னால் நடந்த நல்லதைச் சொல்லிவிடுவது பிரசங்கிகளின் வழக்கம். சொல்வதற்கு நல்லது இருக்கத்தான் செய்கிறது. லியோனி மூன்று முறை துறவு மடம் புகுந்து, மூன்று முறையும் தாக்குப் பிடிக்க முடியாமல் வெளியே வந்தாள். 1899-இல் கான் நகரின் விஸிட்டேஷன் மடத்தில் மீண்டும் சேர்ந்து, 1941-இல் இறக்கும்வரை, 42 ஆண்டுகள், அங்கேயே எளிமையாக வாழ்ந்தாள். அவளைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணை 2015-இல் தொடங்கப்பட்டது. எல்லாம் உண்மை. ஆனால் இதில் எதையும் அந்தத் தாய் காணவில்லை. 1877 ஆகஸ்டில் அவர் கண்ட லியோனி, சில மாதங்களாகச் சற்றே மாறத் தொடங்கிய, எதிர்காலம் தெரியாத ஒரு சிறுமி. அந்த நிலையில்தான் அவளை இறைவனிடம் விட்டுச் சென்றார். முடிவு நமக்குத் தெரிவதால் அவரது நம்பிக்கை நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. மேலும், 1873-இல் ஒரு குழந்தை பிழைத்தது. அதற்கு முன் நான்கு பிழைக்கவில்லை. அந்த நான்கு முறையும் அவர் குறைவாக மன்றாடினார் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கேட்டதைப் பெற்றுத் தரும் உபாயமாக நம்பிக்கையைப் போதிப்பவர்கள், பிள்ளையை இழந்த பெற்றோரின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறார்கள். அது கொடுமை.

‘சரி, இன்றிரவு நான் என்ன செய்வது?’ என்று கேட்கும் பெற்றோருக்கு: கவலை வந்து அமரும்போது, இதில் இப்போது நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று அதையே கேளுங்கள். உண்டு என்றால் எழுந்து செய்யுங்கள். மருத்துவரை அழைப்பதும், மகளின் அறைக் கதவைத் தட்டி ‘சாப்பிட்டாயா அம்மா?’ என்று கேட்பதும், நேற்றுப் பேசிய கடுஞ்சொல்லுக்காக மகனிடம் வருந்துவதும் பிரார்த்தனைக்குக் குறைந்தவை அல்ல. காலையில்தான் முடியும் என்றால், காலைக்குரியது என்று ஒதுக்குங்கள். அது அக்வினாஸ் சொன்ன திராட்சை. செய்வதற்கு எதுவுமே இல்லை என்றால், பிள்ளையின் பெயரைச் சொல்லி, பயத்தையும் பெயர் சொல்லி, விண்ணகத் தந்தையிடம் விட்டுவிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் அந்தப் பயம் திரும்பி வரும். மீண்டும் விடுங்கள். ஓர் இரவில் இருபது முறை விட நேர்ந்தால், இருபது முறை பிரார்த்தித்ததாகக் கொள்ளுங்கள். நம்பிக்கை குறைந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஸெலியும் அழுதுகொண்டுதான் மண்டியிட்டார்.

மனைவி இறந்தபோது லூயிக்கு 54 வயது. தாயில்லாத ஐந்து பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு நான்கரை வயது. அலான்ஸோனில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள், தனிமையில் படிக்கவும் ஜெபிக்கவும் தோட்டம் சூழ்ந்த ஒரு சிறு மாளிகை இருந்தது, புதிதாக மண் மூடிய மனைவியின் கல்லறை இருந்தது. ஆனால் பெண்களுக்கு ஒரு பெண்ணின் பராமரிப்பு தேவை என்று கண்டார். ஸெலியின் சகோதரன் தன் மனைவியோடும் இரு பெண்களோடும் லிஸ்யூ நகரில் மருந்துக் கடை நடத்தி வந்தார். லூயி அவ்வளவையும் விட்டுவிட்டு, அந்த ஆண்டு நவம்பர் மாதத்திலேயே லிஸ்யூவில் ஒரு வாடகை வீட்டுக்குப் பெண்களோடு குடிபெயர்ந்தார்.